தொடையில் போட்ட தாளம்

மெல்போர்ன், 1976. பப் ஒன்றின் பின்கூடம், சனிக்கிழமை மதியம். மேடையில் ஒரே ஒரு ஜப்பானியர், கையில் பேஸ் கிட்டார்.

"ராக் குழுவிலை பின்னாலை நிண்டு வாசிச்சவர். இப்ப தனியாளா வெளிக்கிட்டிட்டார்," என்கிறார் என்னை அழைத்து வந்த சிவம். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே டிராம் ஓட்டுகிறார்.

"டிரம்ஸ்கூட இல்லையே! வெறும் பேஸை எப்படிங்க உட்கார்ந்து கேக்கிறது?"

"கேட்டுப் பாருங்கோவன்."

முதல் தந்தி அதிர்ந்ததும் மேசையில் பீர் நடுங்குகிறது. நாதம் நாற்காலி வழியாக என் முதுகில் ஏறுகிறது. சென்னைக் கச்சேரிப் பழக்கம், கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பிக்கிறது. சிவம் என்னை இடிக்கிறார்.

"அவர் உங்கட கையைத்தான் பாக்கிறார்."

நிமிர்கிறேன். உண்மைதான். என் தட்டில் வந்து இறங்குகிறார், கை வீச்சில் எங்கோ விலகிப் போகிறார், இனி திரும்ப முடியாது என்று நான் நினைக்கும்போது மிகச் சரியாகத் தாளத்தின் முதல் தட்டான சமத்தில் வந்து விழுகிறார். பிரமிப்பில் என் கை அந்தரத்தில் நின்றுவிடுகிறது.

அவரும் நிறுத்துகிறார். யாரும் வேண்டாமென்று குழுவையே விட்டு வந்த மனிதர், கூடம் முழுக்கப் பார்த்திருக்க, விரலைத் தந்திக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி என் கைக்காகக் காத்திருக்கிறார்.