விழாமல் ஒரு ஞாயிறு

எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அப்பா ஒரு கண்டிஷன் போட்டார். மெட்ராஸில் நடக்கப்போகிற ஸ்கேட்டிங் போட்டிக்கு நான் போக வேண்டுமென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் கண் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு தடவைகூட விழக் கூடாது. விழுந்தால் ஸ்கேட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட வேண்டியதுதான். அப்புறம் பேச்சே கிடையாது.

அதற்கு முந்தைய வருஷம் பள்ளிக்கூடத்துத் தார் ரோட்டில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். மாவுக்கட்டோடு நான் பாட்டுக்குத் திரிந்தேன். அப்பாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவர் திண்டுக்கல்லைச் சுற்றியிருக்கிற ஊர்களில் விடியற்காலையில் மல்லிகைப் பூவை ஏற்றி நிலக்கோட்டை மார்க்கெட்டில் இறக்குகிற வேன் ஓட்டினார். மொட்டு நசுங்கினால் கருத்துப்போகும் என்று ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை உருட்டி உருட்டி இறக்குவார். மாட்டு வண்டிக்காரன்கூட அவரை முந்திக்கொண்டு போவான். அப்படிப்பட்ட மனுஷனுக்கு மகளாகப் பிறந்து, காலுக்கு நாலு சக்கரம் கட்டிக்கொண்டு பறக்க ஆசைப்பட்டேன். அவர் தலையெழுத்து.

போட்டி சிமெண்டுத் தரையில் நடக்கும், தாரில் பழகிய கால் அங்கே நிற்காது, எங்கேயாவது சிமெண்டில் ஓட்டிப் பழகிக்கொள் என்று பயிற்சி கொடுத்த சார் சொல்லியிருந்தார். தொண்ணூறுகளின் திண்டுக்கல்லில் சிமெண்டுக்கு எங்கே போவது? கல்யாண மண்டபத்தில் கேட்டுப் பார்த்தேன். வாட்ச்மேன் விரட்டிவிட்டார். அப்பாதான் சொன்னார், "ஊருக்கு ஊரு களம் கெடக்குல்ல." நெல்லும் சோளமும் காயப்போடுவதற்கு எல்லா ஊரிலும் சிமெண்டுக் களம் உண்டு. பூ எடுக்கப் போய்ப் போய் எந்த ஊர்க் களம் வழவழப்பு, எது வெடித்துக் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வெளிநாடுகளில் சக்கரக்காரர்களுக்கென்றே கான்கிரீட் பார்க் கட்டி வைத்திருக்கிறார்கள், அதையெல்லாம் பார்ப்பதற்காகவே காரெடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் பூ வேனில் கிளம்பினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிலக்கோட்டையில் பூவை இறக்கிவிட்டு, ஊரைத் தாண்டி முதல் களத்தில் நிறுத்தினோம். பாதிக் களத்தில் சோளம் காய்ந்தது. காவலுக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஊர்க்கார அம்மா ஒருத்தர் நான் ஸ்கேட்டை மாட்டுவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"செருப்புக் காலோட களத்துல ஏறப்படாது."

"இது செருப்பு இல்லங்க, சக்கரம்" என்றேன்.

"காலுல மாட்டுனா செருப்புத்தேன்."

அப்பா நடுவில் வந்தார். "டிராக்டர் ஏறுதுல்லக்கா? அதுவும் சக்கரந்தான?"

அந்த அம்மா செத்த நேரம் யோசித்தார். "டிராக்டரு டயரக் கழுவிட்டுத்தேன் ஏத்துவோம்."

அது நியாயம் என்று அப்பாவுக்குப் பட்டுவிட்டது. பூச்சாக்கை நனைக்க வைத்திருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்து, நான் வேண்டாம் வேண்டாமென்று கத்தக் கத்த, என் ஸ்கேட் சக்கரம் எட்டையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பேரிங்குக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் களத்தில் சுத்தமாக ஏற வேண்டும் என்பது அதைவிடப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

சக்கரம் கிறீச் கிறீச்சென்று கத்த, சோளத்தைச் சுற்றி ஓட்டினேன். ஓட்டினேன் என்று சொல்வதே அதிகம். விழக் கூடாது, விழக் கூடாது என்பதைத் தவிர மண்டையில் வேறெதுவும் இல்லை. முழங்காலை மடக்கி, கையை விரித்து, பிள்ளைத்தாச்சி படியிறங்குகிற மாதிரி உருண்டேன். அந்த அம்மா தாடையில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"இம்புட்டுத்தானா? நான் என்னமோ ஏதோன்னுல நெனச்சேன்."

அடுத்தது சின்னாளபட்டி தாண்டி ஒரு ரைஸ் மில். அப்பா வேனிலிருந்து ஆயிலை எடுத்துச் சக்கரங்களுக்கு விட்டார். சத்தம் நின்றது, வேகம் கூடியது, எனக்குப் பயமும் கூடியது. அந்தக் களம் அப்படியொரு களம். மழைத்தண்ணீர் வடிய நடுவிலிருந்து நாலு பக்கமும் லேசாகச் சரித்திருந்தார்கள். நின்றாலே சக்கரம் தானாக இறங்கும். வேறொரு நாளாக இருந்தால் பொழுது சாயும்வரை அங்கேயே கிடந்திருப்பேன். அன்றைக்கு ஓரத்துச் சுவரைப் பிடித்துப் பிடித்துச் சுற்றினேன். அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் சும்மா விடுவார்களா?

"ஏத்தா, சக்கரம் சுத்துதா, இல்ல அழகுக்கு மாட்டிருக்கியா?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை.

வேனுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். வீட்டிலிருந்து அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தார்.

"வெஞ்சனம் எங்க?" என்றார் அப்பா.

தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கை எடுத்து வைத்தேன். நாலு வாய் தின்றார். அப்புறம் கேட்டார், "பள்ளிக்கூடத்துலயும் இப்பிடித்தான் ஓட்டுவியா?"

"இல்ல."

"பெறகென்ன கேடு? இப்பிடி உருளுறதுக்கா இம்புட்டு தூரம் டீசலக் கொளுத்துறேன்?"

எனக்குச் சுருக்கென்றது. "விழுந்தாப் போகக் கூடாதுன்னு சொன்னது யாரு? நானா?"

அப்பாவை அதுவரை அப்படி எதிர்த்துப் பேசியதில்லை. அறை விழும் என்று நினைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

மூன்றாவது களம் இருந்த அகரத்துக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். வயலுக்கு நடுவில் காலியாகக் கிடந்தது களம், ஒரு ஆள் இல்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறினார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் குனிந்துகொண்டே நடந்து, கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி வெளியே எறிந்தார். அப்புறம் இறங்கி வேனில் சாய்ந்து நின்றார்.

"ஓட்டு. நீ எப்பவும் ஓட்டுற மாதிரி ஓட்டு."

"விழுந்துட்டா?"

அப்பா வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போங்கள், நீங்களும் உங்கள் கண்டிஷனும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஒரு உந்து உந்தினேன். சிமெண்டு என்றால் என்னவென்று அப்போதுதான் காலுக்குத் தெரிந்தது. தாரில் பல் அதிரும். இதில் சத்தமே இல்லை. திருப்பத்தில் காலை மாற்றிப் போட்டேன், வழுக்காமல் நின்றது. இன்னும் வேகம் எடுத்தேன், அதிலும் நின்றது. முகத்தில் காற்று அறைந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதுவரை இருந்ததில்லை. அப்பா, பாருங்கள் என்று கத்தினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மூலையில் இரண்டு பாளங்கள் சேருகிற இடத்தில் சிமெண்டு பெயர்ந்து ஒரு வெடிப்பு. முன்சக்கரம் அதற்குள் போய்விட்டது. களத்தில் தேய்த்துக்கொண்டு போய் ஓரத்தில் கிடந்தேன். இரண்டு முழங்காலும் உரிந்துவிட்டன, உள்ளங்கையெல்லாம் ரத்தம். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முழங்காலுக்காக அழவில்லை. மெட்ராஸ் போச்சே என்றுதான் அழுதேன். அவர் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் நானே கழற்றிவிட வேண்டுமென்று ரோஷம். நாடாவை இழுத்து அவிழ்த்தேன்.

அப்பா ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. முன்னால் குத்தவைத்து, என் கை இரண்டையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரல்களை மடக்கிப் பார்த்தார். துண்டை எடுத்து ரத்தத்தைத் துடைத்தார். நான் அவிழ்த்துப் போட்டிருந்த நாடாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரிந்த மாதிரி நாடாவை இறுக்கிக் கட்டினார்.

"சிறுமலை அடிவாரத்துல ஒரு களம் இருக்கு. இதவிடப் பெருசு" என்றார். "இருட்டுறதுக்குள்ள போயிரலாம். எந்திரி."