வெண்ணந்தூர் தவளையும் ஜெர்மனி சாலமாண்டரும்

ஜூன் கடைசி ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் வீட்டில் பேச ஆளில்லை. என் மனைவி ஸ்டெல்லா ஜெர்மனியில் நர்ஸ். போய் எட்டு மாதம். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்பதா என்று இம்மாதத்துக்குள் அவள் சொல்லியாக வேண்டும். என்னைக் கேட்டபோது "உன் இஷ்டம்" என்றேன். பெரிய பெருந்தன்மை! அதன்பிறகு போனில் மழை, வெயில் பற்றித்தான் பேசினோம்.

அப்படித்தான் ஒரு படம் அனுப்பினாள். மழை நின்ற காட்டுப்பாதையில், தவளைக்குத் தூரத்து உறவான ஒரு சாலமாண்டர். கறுப்பு உடம்பு, மஞ்சள் திட்டுகள், பல்லிக்கு இருப்பது போல் வால். "இது சத்தமே போடாதுங்க. நம்மூர் தவளைச் சத்தம் அனுப்புங்க" என்றாள். இந்தப் பயணம் அதற்காக.

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மாலை நான்கு மணிக்கு பைக்கில் கிளம்பினேன். வெண்ணந்தூருக்கு என் வண்டி காட்டியது 34 கிலோமீட்டர். பெட்ரோல் நூறு ரூபாய், வழியில் டீ பதினைந்து. ஐந்தேகாலுக்கு ஊருக்கு வெளியே, முந்தின நாள் மழை தேங்கிய வயலில் நின்றேன்.

பெரிய தவளைகள். ஆண் தவளைகள் மஞ்சள் பூசிக் குளித்தது போல் இருந்தன. கத்தும்போது தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் புடைத்தன. சாலமாண்டருக்கும் ஈரத்தோல்தான், மஞ்சளும் உண்டு. ஆனால் அதன் மஞ்சள் 'கிட்டே வராதே' என்கிறது, தவளையின் மஞ்சள் 'வா' என்கிறது. தலைப்பிரட்டை தவளையாகும்போதே வால் போய்விடும். சாலமாண்டர் சாகும்வரை வாலோடு திரியும்.

போனை வரப்பில் வைத்துப் பதிவை ஓடவிட்டேன். நிலத்துக்காரர் வந்தார்.

"ஏனுங்க, தவளையவா படம் புடிக்கறீங்க?"

"சத்தம் மட்டுந்தாங்க. வீட்டுக்காரம்மா ஜெர்மனில இருந்து கேட்டாங்க."

"அவங்க எப்பங்க வாராங்க?"

"தெரியலீங்க. வான்னு சொல்ல எனக்கு வாய் வரல. தனியா வீட்ல இருக்கவே முடியலீங்க."

அவர் வானத்தைப் பார்த்தார். "வரப்பு வழுக்கும், வெளிச்சத்துலயே கெளம்புங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழு மணிக்கு வீடு. ஆறு நிமிடப் பதிவைக் கேட்டுப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். பிறகு போட்டுக் கேட்டால், தவளைகளைவிட என் குரல் தெளிவாக இருந்தது. அழிப்பதற்குள் நீல டிக் விழுந்துவிட்டது.

கேட்டு முடித்ததும் அவள் கூப்பிட்டாள். "வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டேங்க. அந்த ஆள்கிட்ட சொன்னத எங்கிட்ட ஒரு தடவ சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன்." இருவரும் அழுதோம்.

போகிறவர்களுக்கு: ரப்பர் செருப்பு போதும், டார்ச் வேண்டாம். நல்ல மழை பெய்த மறுநாளே போய்விடுங்கள். நான் அடுத்த ஞாயிறும் போனேன். தண்ணீர் அப்படியே இருந்தது, ஒரு தவளையும் கத்தவில்லை.