எஞ்சினைப் பழித்தேன், கத்தியைப் பார்க்கவில்லை

தொண்டாமுத்தூரில் எனக்கு 212 தென்னைகள். போன மாதம் தோப்பில், சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை மாட்டி ஓட்டியபோது எங்கள் சின்ன டிராக்டர் ஒரே காலையில் ஒன்பது முறை திணறி நின்றது.

"இருவது எச்பி எஞ்சின் பத்தாதுங்கப்பா. முப்பது எடுத்துப்போடலாமுங்க" என்று மகன் நச்சரித்தான். எரிச்சலில் நானும் சம்மதித்து, பழைய வண்டியை மதிப்பிட மெக்கானிக்கை வரவழைத்தேன்.

அவர் ரோட்டவேட்டருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்கய்யா, கத்தியெல்லாம் திருப்பி மாட்டிப்போட்டு எஞ்சினை வைதா எப்படிங்க?"

புதுக் கத்திகளை மாட்டியவன் நான்தான். இருபத்து நான்கும் இருக்கின்றனவா என்று இரண்டு முறை எண்ணினேனே தவிர, கூர்ப்பக்கம் மண்ணைப் பார்க்கிறதா என்று கவனிக்கவில்லை! மொட்டைப் பக்கம் மோதினால் எந்த எஞ்சின்தான் இழுக்கும்? சரியாக மாட்டியதும் அதே டிராக்டர் நிற்காமல் உழுதது. முப்பது எச்பி பேச்சை விட்டோம்.

இப்போதெல்லாம் கத்தி மாற்றினால், மகன் சரிபார்த்த பிறகே வண்டியைக் கிளப்புகிறேன். அப்போது அவன் சிரிக்கிற சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.