கட்டிலுக்கடியில் பொம்மைப் படம்

நான் பொம்மைப் படச் சுருள்கள் சேர்க்கிறதை நீங்கள் கேலி செய்கிறீர்கள். செய்யுங்கள். ஆனால் பழைய டப்பா எதைக் கண்டாலும் நான் ஏன் முதலில் மோந்து பார்க்கிறேன் என்று கேட்டீர்களே, அதைச் சொல்கிறேன்.

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலையில் எனக்கு வேலை. கவரைப்பேட்டையில் சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் குடியிருந்தோம். உங்கள் பெரியக்கா அப்போது கைக்குழந்தை.

பழைய இரும்புக் கடைக்குப் படச்சுருள்கள் மூட்டை மூட்டையாக வரும். பிலிமைக் கழுவி அதிலிருக்கிற வெள்ளியை எடுக்கிறவர்களுக்குப் போகிற சரக்கு. அதில் ஒரு மூட்டை பொம்மைப் படம் என்று தெரிந்ததும் டப்பாக்களோடு வாங்கி வந்துவிட்டேன். கையால் வரைந்த யானைக்குட்டி ஒன்று ஏணி வைத்து நிலாவுக்கு ஏறும். ஏறுகிற இடத்தில்தான் படம் துண்டு துண்டாக அறுந்திருந்தது. வேலை விட்டு வந்து, துணியால் துடைத்து, கிழிந்த ஓரங்களுக்கு ஒட்டுப்போட்டு, பசை வைத்து ஒட்டுவேன். பரணில் சூடு என்று டப்பாக்களைக் கட்டிலுக்கடியில் வைத்தேன். கட்டில்மேல் குழந்தை தூங்கும்.

கத்திரி வெயில் பிறந்தது. அறையில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்த மாதிரி ஒரு வாடை. நாளாக ஆக மூக்கை எரித்தது. உங்கள் அம்மா குழந்தையின் துணிகளையெல்லாம் திரும்பத் திரும்பத் துவைத்தாள். கடைசியில் ஒரு டப்பாவைத் திறந்தேன். படம் தேன் மாதிரி ஒழுகிக் கிடந்தது. இன்னொன்றில் காப்பித்தூள் மாதிரி பொடி. தரை குளிர்ந்திருந்தது. டப்பாவின் அடி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டுகிறவர் எனக்குப் பழக்கம். மறுநாள் காலையில் அவரைக் கூட்டி வந்தேன். வாசலிலேயே பீடியைப் போட்டுக் காலால் தேய்த்தார். குனிந்து பார்த்து மறுபடி தேய்த்தார். பிறகுதான் உள்ளே வந்தார்.

“இது அந்தக் காலத்து பிலிம் நைனா. நெருப்பே வாணாம். சூடு ஏறினா தானா புடிச்சிக்கும். தண்ணி ஊத்தினாலும் நிக்காது.” என் பசைப் புட்டியைப் பார்த்தார். “யானைய ஒட்டிக்கினுகீறியே, ஊடு எரிஞ்சா இன்னாத்த ஒட்டுவ?”

யானைக்குட்டிச் சுருள் நன்றாகத்தான் இருக்கிறது, அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றேன். நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டார். உங்கள் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

அப்போதே எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டி, வறண்டுபோன ஏரிக்குள் தள்ளிக்கொண்டு போனேன். அவளும் குழந்தையோடு பின்னாலேயே வந்தாள். யானைக்குட்டியை நான் திருப்பி எடுத்து வந்துவிடுவேன் என்று சந்தேகம். அது சரிதான். மற்ற டப்பாக்களை இறக்கிவிட்டு அதை மட்டும் கையில் வைத்திருந்தேன்.

வெயில் ஏறியது. யாரும் தொடாமலே ஒரு டப்பாவின் மூடி எழும்பியது. மஞ்சள் புகை. அடுத்து, எங்கள் ஆலை உலையைத் திறந்த மாதிரி ஒரு சீறல், ஆளுயரத் தீ. தினமும் நெருப்போடு வேலை செய்கிறவன் நான். கால் நகரவில்லை.

கரையிலிருந்து உங்கள் அம்மா கேட்டாள்: “நேத்து இந்நேரம் கொயந்த எங்கங்க படுத்துக்கினு இருந்துச்சி?”

கையிலிருந்ததைக் காய்ந்த மண்ணில் தனியாக வைத்துவிட்டுக் கரையேறினேன். பனைமர நிழலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். உச்சி வெயிலில் அதுவும் புகைந்தது.