அவருக்காக நான் இழுத்த மூச்சு

சுனாமிக்கு அடுத்த வருஷம் நடந்தது இது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கிற பக்கம் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் வெள்ளைக்கல்லை மாவாய் அரைக்கிற மில்லில் இருந்தார். அந்த மாவில்தான் பொம்மை, ஃபியூஸ் கட்டை எல்லாம் செய்வார்கள்.

எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். மூன்று ஊருக்கு அவர் ஒருத்தர்தான். பத்து மணிக்கு வந்தால் பன்னிரண்டுக்குப் பெண்ணாடம் பக்கம் கிளம்பிவிடுவார். அந்த நேரத்தில் ஆம்பளைகள் மில்லை விட்டு வர முடியாது. வந்தால் மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாலோ ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஆள் வராமல் மாத்திரை கிடையாது என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் எங்கள் தெருவில் ஒரு பழக்கம் வந்தது. புருஷனுடைய நோவைப் பெண்சாதி தனக்கென்று சொல்லி மாத்திரை வாங்கி வருவாள். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது அதை வைத்துக் கேலிகூடப் பேசிக்கொள்வோம்.

"ஏன்க்கா, இன்னிக்கு இடுப்பு வலி ஒனக்கா, மாமாவுக்கா?"

"மாமாவுக்குத்தான். எனக்கு வர்றதுக்கு எங்கடி நேரம்?"

"எங்கூட்டுக்காரருக்குக் கீழ வீங்கிக் கெடக்குது. அத என் ஒடம்புல எங்கன்னு காட்டுறது?" என்றாள் இன்னொருத்தி. வரிசையே சிரித்தது. நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

எனக்கு அந்நிய ஆம்பளைகளிடம் பேச வராது. அஞ்சாவதோடு படிப்பு நின்றுவிட்டது. டாக்டர் முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தபடி அவர் நோவை எனக்கென்று சொன்னேன்.

"இருமலுங்க. நடந்தா மூச்சு வாங்குதுங்க."

டாக்டர் குழாயை என் நெஞ்சிலும் முதுகிலும் வைத்தார். "நல்லா மூச்ச இழுங்கம்மா. என்ன வேல செய்யறீங்க?"

"வூட்டு வேலதாங்க."

"நெஞ்சு சுத்தமா இருக்குது. பயப்பட ஒண்ணுமில்ல."

சாயங்காலம் என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து இமையெல்லாம் மாவு வெள்ளையாக வந்து நின்றார். "என்ன சொன்னாரு?"

"நெஞ்சு சுத்தமா இருக்குதாம்."

"நான்கூட என்னமோ ஏதோன்னு இருந்தேன்" என்று சொல்லி, அன்றைக்கு இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குழாய் வைத்தது யார் நெஞ்சில் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் டாக்டர் வாயிலிருந்து வந்த வார்த்தை. வாரத்துக்கு ஒரு நாள், ரெண்டு நிமிஷம் கிடைக்கிற வார்த்தை. அதை அவருக்கு வந்ததாகவே எடுத்துக்கொண்டோம். மூக்கில் கட்டிக்கொள்கிற துண்டைக்கூட அதற்குப் பிறகு விட்டுவிட்டார். "சுத்தமாத்தானே இருக்குது. அதக் கட்டுனா வேர்க்குதுடி" என்பார்.

ஆடி மாதம், அவர் சட்டையைத் துவைக்கும்போது சட்டைக் கையில் ரத்தக்கறை பார்த்தேன். இருமும்போது துடைத்திருக்கிறார். அந்தச் செவ்வாய்க்கிழமை, "எனக்கில்லீங்க, அவருக்குங்க" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டாக்டர் நாற்காலி காலியாக இருந்தது.

"மாத்தலாயிப் போயிட்டாரு. புது ஆளு இன்னும் போடல" என்றார் நர்ஸம்மா. "பழைய சீட்டு இருக்குதா? அதே மாத்திரய தரேன்."

நர்ஸம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். எனக்குப் பின்னால் அத்தனை பேர் நின்றார்கள். சீட்டை நீட்டினேன். மார்கழி வரைக்கும் டாக்டர் யாரும் வரவில்லை. நான் வாராவாரம் போய்ச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் மில்லிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த டாக்டரம்மா நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கல்லுத்தூசி நுரையீரல் முழுக்க இறங்கிவிட்டது, இனி எடுக்க முடியாது என்றார்.

"இத்தன நாளா எங்கயும் காட்டலியா?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "காட்டினோங்க. நெஞ்சு சுத்தமா இருக்குதுன்னு டாக்டரே சொன்னாரு" என்றார்.

"கொழா வெச்சுப் பாத்தாரா?"

அவர் என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது போல இருந்தது.

"என் நெஞ்சுல வெச்சாருங்க" என்றேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். என் வீட்டுக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தார்.

தை முடியுமுன் போய்விட்டார். அதுவரைக்கும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.