எழுப்பாமல் விட்ட காலை

என் மனைவி மங்கையற்கரசிக்கு ஓய்வெடுக்கத் தெரியாது. ஹம் நகரத்து முதியோர் இல்லமொன்றில் இருபத்தேழு வருடமாக வேலை செய்கிறாள். அங்கே அவள் ‘ஃபிராவ் மங்கா’, ஜெர்மன் மொழியில் திருமதி மங்கா. முழுப்பெயரைச் சொல்லப்போய் நாக்குச் சுளுக்கிய கிழவர்கள் வைத்த பெயர் அது. காலை வேலையென்றால் நாலரைக்கே எழும்பிவிடுவாள். லீவு கிடைத்தால் வீட்டு யன்னல்களைக் கழட்டாத குறையாகக் கழுவுவாள். “எங்கையாவது போவமே?” என்று நான் கேட்டால், “போய்? அங்கையும் சமைக்கிறது நான்தானே” என்பாள்.

பிறந்த வீடென்று அவளுக்கு மிஞ்சியிருந்தது மானிப்பாயில் இருந்த அண்ணன் தியாகராசா ஒருவர்தான். தகப்பன் செத்தபோது இவள் இங்கே அகதி முகாமில், கையில் வதிவிட அனுமதிக் கடுதாசி ஒன்றும் இல்லை. தாய் செத்தபோது சண்டை, பாதை பூட்டு. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகுதான் செய்தியே வந்தது. இரண்டு முகத்தையும் அவள் கடைசியாகப் பார்க்கவில்லை. “அண்ணையின்ரை முகத்தையெண்டாலும் நான் பாக்கவேணும், சொல்லிப்போட்டன்” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

போன கோடையில் மகள் தேனுஜா தன் பாட்டில் பிரான்சிலே ஒரு கிராமத்து வீட்டை எங்களுக்கு ஒரு கிழமைக்குப் பதிவுசெய்துவிட்டாள். முதலில் மறுத்த மங்கை பிறகு சின்னப்பிள்ளை மாதிரி நாள் எண்ணத் தொடங்கினாள். சோற்றுப்பானை, மிளகாய்த்தூள், பத்துக் கிலோ அரிசி. பிரான்சில் அரிசி விற்காதென்று எந்த விசரன் சொன்னானோ தெரியாது.

நாங்கள் புறப்பட இருந்ததற்கு முதல்நாள், வெள்ளி பின்னேரம், அவள் வேலையில் நிற்கும்போது எனக்கு அழைப்பு வந்தது. தியாகராசாவின் மகன் மதீசன்.

“மாமா, அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார். நெஞ்சுக்குள்ளை நோகுது எண்டவர், அவ்வளவுதான். ஞாயிறு காலமை எடுக்கிறம். மாமி வந்துசேர ஏலாது, தெரியும். உங்கடை நேரம் ஏழு மணியிலை இருந்து லைவ் போடுவம். மாமியைப் பாக்கச் சொல்லுங்கோ. பக்குவமாச் சொல்லுங்கோ.”

உடனே தேனுஜாவுக்குப் போன் அடித்தேன். “அப்பா, இண்டைக்கே அம்மாவுக்குச் சொல்லுங்கோ” என்றாள். “எனக்குத் தெரியும், நீ வாயைப் பொத்து!” என்று கத்தினேன். என்ன தெரியும் எனக்கு? மண்ணாங்கட்டி. அவள் அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அதுதான் உண்மை. போய்ச் சேரட்டும், ஒரு வாய் சாப்பிட்டு ஒரு நாள் நித்திரை கொள்ளட்டும், ஞாயிறு விடிய ஆறு மணிக்குச் சொல்லலாம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதினேன். அவள் களைத்துப்போய் வந்து குளிக்கும்போது அவளுடைய கைத்தொலைபேசிக்கு எந்த அழைப்பும் வராதபடி செய்துவைத்தேன். கேட்டால், எல்லை தாண்டினால் அது வேலைசெய்யாது என்று ஒரு புளுகு.

சனி காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, பதின்மூன்று மணித்தியாலம் கார் ஓடிப் போய்ச் சேர்ந்தோம். கல்லால் கட்டிய சின்ன வீடு, முற்றத்தில் ஒரு வாதுமை மரம். வீட்டுக்காரக் கிழவி கதவுத் திறப்பையும் இணையக் கடவுச்சொல் எழுதிய துண்டையும் தந்தாள். துண்டை என் பொக்கற்றுக்குள் போட்டேன்.

மங்கை நேரே குசினிக்குள் போனாள். கழுவியிருந்த கோப்பைகளையெல்லாம் மறுபடி கழுவினாள். கட்டிலில் ஏறிக் குதித்துப் பார்த்தாள், ஐயோ, அறுபது வயதில்! பிறகு யன்னல் விளிம்பில் பிள்ளையார் படத்தை வைத்து விளக்கை எடுத்தாள்.

“பயணக் களைப்பு, விடுமப்பா” என்றேன்.

“ஒரு கிழமையெண்டாலும் வீடு வீடுதானே. பால் காய்ச்சாமல் என்னெண்டு சமைக்கிறது?”

கூடப்பிறந்தவர் அங்கே பிணமாகக் கிடக்கிறார். சாவுத் துடக்கு வீட்டில் விளக்கேது, பாலேது? இவள் விளக்கைக் கொளுத்தினாள். பால் பொங்கி வழியவிட்டுக் கைகூப்பினாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாவி, அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அவள் வீட்டைச் சுற்றிப் படம் எடுத்தாள். “அண்ணைக்கு அனுப்பவேணும். நீ மாடு மாதிரி உழைக்கிறாயெண்டு ஒவ்வொரு ஞாயிறும் பேசுறவர். இண்டர்நெற் நம்பர் தந்தவையே?”

“நாளைக்குத் தருவினமாம்” என்றேன்.

ஞாயிறு ஆறு மணிக்கு அவள் தோளில் கைவைத்தேன். “இன்னும் கொஞ்சம்…” என்று முனகிக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். கல்யாணம் கட்டி முப்பத்திமூன்று வருடத்தில் அவள் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. கையை எடுத்துவிட்டேன்.

முற்றத்துக்குப் போய் மரத்தின் கீழே கதிரையில் இருந்து, என் தொலைபேசியில் தனியே பார்த்தேன். பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். பிறகு மதீசன் கமராவைத் தகப்பனின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் அப்படியே பிடித்தான்.

“மாமி, மூடப்போறம். கடைசியா ஒருக்கா வடிவாப் பாருங்கோ மாமி.”

நெடுநேரம் பிடித்தான். படுக்கை பதினைந்து அடி தூரத்தில் இருந்தது. ஓடியிருந்தால் அவள் பார்த்திருப்பாள். இவ்வளவு நேரம் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது என்ன முகத்தோடு எழுப்புவது என்று கதிரையிலேயே இருந்துவிட்டேன். பெட்டியை மூடினார்கள்.

எட்டு மணிக்கு இரண்டு தேத்தண்ணியோடு சிரித்துக்கொண்டு வந்தாள். சொன்னேன். கோப்பைகளைப் புல்லில் மெதுவாக வைத்தாள்.

“எத்தினை மணிக்கு எடுத்தவை?”

“ஏழரைக்கு.”

“நீங்கள் பாத்தனீங்களோ?”

“ஓம்.”

“முகம் எப்பிடி இருந்தது?”

“பதிவு இருக்கு, பாருமன்” என்று தொலைபேசியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“நான் விளக்குக் கொளுத்தினன். பால் காய்ச்சினன். பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறீங்கள்.”

“நீர் நல்ல நித்திரை, மங்கை. எழுப்ப மனம் வரேல்லை.”

“நித்திரையோ? எங்கடை இல்லத்திலை ஆரும் சாகக்கிடந்தால், எந்த நேரமெண்டாலும் பிள்ளையளுக்குப் போன் அடிச்சு எழுப்புறது நான். பேச்சும் வாங்கியிருக்கிறன். படுக்கட்டும் எண்டு ஒருத்தரையும் விட்டதில்லை.”

குளியலறைக்குள் போய்த் தலைமுழுகினாள். தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு மேலாக “அண்ணை, அண்ணை” என்று அவள் குழறியது முற்றம்வரை கேட்டது. நான் உள்ளே போகவில்லை. போக எனக்கு என்ன உரிமை?

ஈரத் தலையோடு வந்து எல்லாவற்றையும் மறுபடி பெட்டியில் அடுக்கினாள். அன்றே திரும்பினோம். எல்லை தாண்டி எண்ணெய் அடிக்க நிறுத்தியபோதுதான், முன்கண்ணாடியைப் பார்த்தபடி வாய் திறந்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குரலில் கோபமே இல்லை.

“கோப்பாயிலை உங்கடை அக்காவும் படுக்கையிலைதான் கிடக்கிறா. அவவுக்கு ஒண்டெண்டால், நீங்கள் எந்த நித்திரையிலை இருந்தாலும் நான் உங்களை எழுப்புவன்.”