அண்ணையின் ரேடார் டிடெக்டர்

தொண்ணூறுகளில், கனடாவில், ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவில் இருந்த பாண் சுடும் தொழிற்சாலைக்கு, எங்கள் கட்டடத்தில் குடியிருந்த ஒரு அண்ணையின் காரில்தான் போய் வந்தேன். அவருக்குப் பின்னேரத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓடும் அவசரத்தில், வேகத்துக்காகப் பலமுறை பொலிஸிடம் அகப்பட்டிருந்தார். அதனால் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில், பஃபலோவில் இருந்த தங்கையைப் பார்க்கப் போனபோது ஒரு ரேடார் டிடெக்டர் வாங்கி வந்தார். வேகத்தை அளக்கும் பொலிஸின் ரேடார் கிட்ட இருந்தால் அது கத்தும். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் அது சட்டவிரோதம் என்று எனக்கும் அவருக்கும் தெரியும்.

அதே மாதிரி அலைகளில் இயங்கும் கடைகளின் தானியங்கிக் கதவுகளுக்கும் அது கத்தியது. கத்தும்போதெல்லாம் அவர் பிரேக்கை மிதிப்பார். களைத்துக் கண்ணயர்ந்திருக்கும் நான் திடுக்கிட்டு எழும்புவேன்.

ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்த எங்களைப் பொலிஸ் மறித்து ஓரத்தில் நிறுத்தியது.

"நாங்கள் வேகமா ஓடவே இல்லையே!" என்றார் அண்ணை.

டிடெக்டர் இருக்கும் காரைக் கண்டுபிடிக்கும் கருவி அவர்களிடம் இருந்தது. பொலிஸ்காரர் அண்ணையின் டிடெக்டரைப் பறித்துக்கொண்டு, அபராதச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணை காரை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி இருந்தார்.

"அண்ணை, மற்ற வேலைக்குப் பிந்துதெல்லோ?" என்றேன்.

"பிந்தட்டும். கொஞ்சம் கண்ணை மூடுறன். எழுப்பாதையும்."

நான் எழுப்பவில்லை. பக்கத்தில் கார்கள் ஊர்ந்துகொண்டே இருந்தன. அன்று அவர் அந்த வேலைக்குப் போகவில்லை. அடுத்த கிழமை அதை விட்டுவிட்டார். பாண் தொழிற்சாலைக்கு மட்டும் போய் வந்தோம், ஆறுதலாக ஓடுபவர்களுக்கான வலதுகரை லேனில், மெதுவாக.